நியோவிம்: பிழைகளில் மட்டும் நின்று செல்ல வழி உண்டா?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் சி மொழி கற்பிக்கிறோம். மடிக்கணினிகள் பழையவை என்பதால் நிரல் எழுத நியோவிம் தொகுப்பியும், அதில் பிழைகளைச் சுட்டிக்காட்டும் கிளாங்டியும்தான் எங்களுக்குத் தோதாக உள்ளன.

நியோவிம் 0.11 பதிப்பிலிருந்து பிழைச் செய்தி வரியின் முடிவில் தானாகத் தோன்றுவதில்லை. நாமே அமைப்புக் கோப்பில் இயக்க வேண்டியுள்ளது. இயக்கினாலும், சிறிய திரையில் நீண்ட செய்தியின் பின்பகுதி வலப்பக்கம் மறைந்துவிட, மாணவர்கள் பாதியைப் படித்துவிட்டு ஊகத்தில் திருத்தத் தொடங்குகிறார்கள் (அவர்களைத் தடுப்பதே பெரும்பாடு). ஆகவே, கர்சர் நிற்கும் வரிக்குக் கீழே மட்டும் முழுச் செய்தியும் விரியும்படி 'வர்ச்சுவல் லைன்ஸ்' வசதியை அமைத்தேன். அது நன்றாகவே இருக்கிறது.

சிக்கல் நகர்வதில்தான். அடுத்த பிழைக்குத் தாவும் விசைகளை அழுத்தினால், பயன்படுத்தாத மாறி போன்ற வெறும் எச்சரிக்கைகளிலும் கர்சர் நின்று நின்று செல்கிறது. பிழைகளில் மட்டும் நிற்கும்படி அவ்விசைகளை எவ்வாறு மாற்றி அமைப்பது? மேலும், பிழைகளைப் பட்டியலாகக் காட்டும் லொக்கேஷன் லிஸ்டைத் திறந்து வைத்தால், நிரலைத் திருத்திய பின்னும் பழைய பட்டியலே நிற்கிறது. அது தானாகப் புதுப்பிக்கப்பட எந்த நிகழ்வுடன் கட்டளையை இணைக்க வேண்டும்? கூடுதல் பிளகின் தேவைப்படாத தீர்வாயின் மிக்க உதவியாக இருக்கும்.