பவர் பேங்க் அரை நிமிடத்தில் தானாக அணைகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: பவர் பேங்கில் ஓடும் இஎஸ்பி32 என்ற சிறிய கன்ட்ரோலர் போர்டில் வெப்பநிலை சென்சார் ஓடுகிறது. போர்டு டீப் ஸ்லீப்புக்கு (மின்சாரம் மிச்சப்படுத்தும் உறக்கநிலை) போனதும் பவர் பேங்க் அணைந்துவிடுகிறது. வழி உண்டா?

பதில் 1: பழுது இல்லை. இழுக்கும் கரண்ட் மிகக் குறைந்தால், போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று உள்ளே இருக்கும் சிப் முடிவுகட்டிவிடும். பல பவர் பேங்குகளில் இருக்கும் ஐபி5306 சிப், கரண்ட் சுமார் 45 மில்லிஆம்பியருக்குக் கீழே 32 விநாடி இருந்தால் அணைத்துவிடும். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 47 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், 106 மில்லிஆம்பியர் இழுக்கும். அரை வாட்டுக்கு மேல் சூடாகும், எனவே 1 வாட் ரெசிஸ்டரே வேண்டும்.

பதில் 2: அந்த ரெசிஸ்டரை நிரந்தரமாக விட்டால் 10,000 எம்ஏஎச் பேங்க் மூன்று நாள்கூடத் தாங்காது. 20 விநாடிக்கு ஒருமுறை 1 விநாடி மட்டும் இழுத்தால் சராசரி 5 மில்லிஆம்பியர்தான். இதற்காக ஜிபிஐஓ பின்னில் (புரோகிராமால் ஆன்/ஆஃப் செய்யக்கூடிய போர்டின் பின்) ரெசிஸ்டரை நேராக மாட்டாதீர்கள், பின் கருகும். சுவிட்சாக 2என்2222 டிரான்சிஸ்டர் வையுங்கள்: பின்னிலிருந்து பேஸுக்கு 1 கிலோஓம் ரெசிஸ்டர், எமிட்டர் கிரவுண்டுக்கு, 47 ஓம் கலெக்டருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே. போர்டு விழித்து இதைச் செய்ய, ஸ்லீப் டைமரையும் 20 விநாடியாக்குங்கள்.

பதில் 3: இப்படி விட்டுவிட்டு இழுக்கும் பல்ஸ் போட்டும் அணைந்தால் இடைவெளியை 10 விநாடியாக்கிப் பாருங்கள், பிறகு பல்ஸை 2 விநாடியாக்குங்கள். சில பேங்குகளில் பட்டனை இருமுறை அழுத்தினால் குறைந்த கரண்டிலும் அணையாத லோ கரண்ட் மோடு வரும். ஆனால் பலவற்றில் அது சில மணி நேரத்தில் தானே விலகிவிடும், மாதக்கணக்கில் ஓட வேண்டிய சென்சாருக்கு அதை நம்ப வேண்டாம்.