"இன்றே நிறுத்துங்கள்" என்று நான் எழுதிய கட்டுரை

திருகோணமலையில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். 2021 கடைசியிலிருந்து ஒரு தமிழ் சுகாதாரத் தளத்துக்குக் குடி, தூள் (ஹெரோயின்), ஐஸ் (மெத்தாம்பெட்டமின்), அதிலிருந்து மீண்டு வருவது பற்றியெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். நாங்களும் எழுதலாமா, எப்படித் தொடங்குவது என்று சிலர் கேட்டீர்கள். அதற்கு என் முதல் கட்டுரையால் என்ன நடந்தது என்பதைச் சொல்வதுதான் சரி என்று படுகிறது.

என் அப்பா குடித்தே செத்தவர். அந்தக் கோபம் முழுக்க அந்தக் கட்டுரையில் இருந்தது. ஈரல் கெடுவது, வீட்டுக் காசு கரைவது, பிள்ளைகள் பயந்து சாகிறது எல்லாம் எழுதிவிட்டு, முடிவில் இன்றே நிறுத்துங்கள், இன்று இரவே போத்தலைக் கவிழ்த்து ஊற்றுங்கள், மன உறுதி ஒன்றே போதும் என்று முடித்திருந்தேன். தளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகப் போடுவது போல கீழே உதவிக்கு 104, அவசரத்துக்கு 108 என்று சேர்த்தார்கள். நானும் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. கட்டுரை நன்றாக ஓடியது, நிறையப் பேர் பகிர்ந்தார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

திருக்கடலூரிலிருந்து எங்கள் கடைக்கு மருந்து வாங்க வரும் ஓர் அக்கா இருக்கிறார். புருஷன் கரைவலை (கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய மீன்வலை) இழுக்கிறவர், இருபது வருசமாக ஒரு நாள் விடாமல் குடி, காசு இல்லாத நாளில் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம். அந்த அக்காவுக்கு நானே போனில் கட்டுரையை அனுப்பினேன். அவர் அதைப் புருஷனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். மனுசன் ஒரு வியாழக்கிழமை இரவு கடைசிக் குடியைக் குடித்துவிட்டு, சரி, இனி இல்லை என்று நிறுத்தினார். அதுவரை எத்தனையோ பேர் கெஞ்சியும் நிறுத்தாதவர்.

வெள்ளிக்கிழமை வேர்வை, கை நடுக்கம், தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் சிந்தியது. காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுத்திருக்கிறார்கள். சனி இரவு நித்திரையே இல்லை. ஞாயிறு விடிய நாலு மணிக்கு அக்கா எனக்கு எடுத்தார். "தங்கச்சி, 108க்கு அடிச்சுப் பார்த்தன், ஒண்டும் சரிவரேல்லை. இவர் என்னை ஆரெண்டு கேக்கிறார்." எனக்குக் கைகால் ஓடவில்லை. 108 தமிழ்நாட்டு எண், இலங்கையில் அம்புலன்ஸுக்கு 1990. அதுக்கு அடியுங்கோ அக்கா என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

நான் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, போர்வையை இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்த துணியைப் பக்கத்தில் சுருட்டி வைப்பார், திரும்பவும் நுனியைத் தேடுவார். "மடி வருது, மடி வருது, விடாதேங்கோ" என்று அறையில் இல்லாத ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மடி என்றால் வலையில் மீன் சேரும் பை. அவர் நினைப்பில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் தண்ணீரில் முக்கி எடுத்தது போல. பிள்ளைகள் இரண்டும் கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, கடைசியாக எப்போது குடித்தவர் என்பதைத்தான். பிறகு நேரம் கிடைத்தபோது எனக்கு விளக்கினார். வருசக்கணக்காகத் தினமும் குடிக்கிறவரின் மூளை, சாராயம் அமத்தி வைக்கிற வேகத்துக்கு எதிராகத் தன்னை முடுக்கி வைத்தே பழகிவிடும். திடீரென்று சாராயம் நின்றால் அந்த முடுக்கம் அப்படியே மிஞ்சுகிறது. நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வேர்வையும் தொடங்கும், முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், 48க்கும் 96க்கும் இடையில் இப்படிப் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் தெரியும், கவனிக்காமல் விட்டால் உயிரும் போகும். எல்லாருக்கும் இது வருவதில்லை, ஆனால் வரக்கூடியவர்கள் வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாது. டயசெபாம் வகை மருந்தை முதலில் கூட்டிக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வந்தார்கள், விட்டமின் பி1 ஊசி போட்டார்கள். மருந்தகத்தில் வேலை செய்கிற எனக்கு அந்த மருந்துகளின் பெயர் எல்லாம் தெரியும். ஆனால் கட்டுரை எழுதும்போது ஒரு வரி கூட ஞாபகத்துக்கு வரவில்லை. அப்பாவை நினைத்துக்கொண்டு எழுதினேன், வாசிக்கப் போகிறவரை நினைக்கவில்லை.

நாலாம் நாள் அவருக்குத் தெளிந்தது. வாட்டுக்கு வெளியே வாங்கில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னை ஏசவில்லை. "நீங்க எழுதினதில ஆஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டு போடேல்லைத்தானே தங்கச்சி" என்று மட்டும் கேட்டார். இல்லை அக்கா, போடவில்லை என்றேன்.

அன்று இரவே கட்டுரையை எடுக்கச் சொல்லி எழுதினேன். பிறகு திருத்தி எழுதினோம். தினமும் குடிக்கிறவர் என்றால், காலையில் எழும்பியதும் கை நடுங்குகிறது என்றால், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தது என்றால், முதலில் டொக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்பது இப்போது முதல் பத்தியிலேயே இருக்கிறது. முதலிலேயே பயமுறுத்தினால் வாசிக்காமல் போய்விடுவார்கள் என்று தளக்காரர்கள் தயங்கினார்கள். போர்வையை இழுத்த கதையைச் சொன்னேன், பிறகு மறுபேச்சு இல்லை. தமிழ்நாட்டு எண்களுக்குப் பக்கத்தில் இலங்கைக்கு 1990, மனநல உதவிக்கு 1926 என்று தனியாகப் போட வைத்தேன். தமிழில் எழுதினால் அது எந்த நாட்டிலும் வாசிக்கப்படும், இதை மறந்துதான் ஒரு வீட்டை அவசரத்தில் தவிக்க விட்டோம்.

சொற்களும் அப்படித்தான். போன வருசம் மூதூரிலிருந்து கிளினிக்குக்கு வந்த ஓர் அம்மா, மருந்து எடுக்கக் கடைக்கு வந்தபோது, மகன் தூள் பாவிக்கிறான் என்று மெதுவாகச் சொன்னார். புனர்வாழ்வு பற்றி நான் எழுதியது ஒன்றைக் காட்டினேன். அந்தச் சொல்லைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "அங்க கொண்டுபோனா அவனை எப்ப விடுவாங்கள், மகள்?" என்று என்னைக் கேட்டார். 2009இல் போர் முடிந்த பிறகு எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு, இயக்கத்தில் இருந்தவர்களைப் பிடித்து வைத்த முகாம் என்றுதான் அர்த்தம். அந்த அம்மாவின் பயம் வீண் பயமும் இல்லை, போதைப் பாவனையாளர்களை வைத்திருந்த கந்தக்காடு நிலையமும் அந்த முகாம்களை நடத்திய அதே புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் கீழ்தான் இயங்கியது. போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கான 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் கட்டாயமாக அனுப்பும் வழியும் இருக்கிறது, தானாக விரும்பிப் போகும் வழியும் இருக்கிறது. இந்த இரண்டாவதைத்தான் அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். இப்போது சிகிச்சை, மீண்டு வருதல் என்றே எழுதுகிறேன். திருந்தியவர் என்றும் எழுதுவதில்லை, களவெடுத்தவன்தான் திருந்த வேண்டும்.

தூள் பற்றி எழுதும்போது இன்னொன்றை விடாதீர்கள். மாதக்கணக்கில் நிறுத்தி இருந்த ஒருவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஒரு தடவை சறுக்கி முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை எழுதினால் பாவிக்கச் சொல்லிக் கொடுப்பது போல ஆகிவிடும் என்று சொல்வார்கள். எழுதுங்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டிய நாட்கள் அவைதான்.

கரைவலை அண்ணை இடையில் ஒரு தடவை சறுக்கினார், இரண்டு கிழமை. இந்த முறை வீட்டில் வைத்து நிறுத்தாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். இப்போது குடியை விட்டு ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது. சின்ன ஊர், தொழிலைச் சொன்னாலே ஆள் யாரென்று பிடித்துவிடுவார்கள் என்று இதுவரை அவரைப் பற்றி எழுதாமல்தான் இருந்தேன். போன மாதம் அவரே, "எழுதுங்கோ, வலை இழுத்ததையும் எழுதுங்கோ, எங்கட ஆக்களுக்கு அப்பத்தான் விளங்கும்" என்றார். எழுதிக்கொண்டு போய் வாடியில் (கடற்கரையில் மீனவர்கள் தங்கும் கொட்டிலில்) வாசித்துக் காட்டினேன். போர்வையை இழுத்த இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். நான் "வலை வீசினார்" என்று எழுதியிருந்தேன்.

"வீசுறது வேற தங்கச்சி. கரைவலை இழுக்கிறது. அதை மாத்துங்கோ."

மாற்றினேன். அவர் எழும்பிக் கயிற்றடிக்குப் போய்விட்டார், மற்றவர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.