காம்பாட் லோடிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

மடல் 1 (சென்னை)

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

'வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்' என்ற கணினிப் போர் ஆட்டத்தை நேச நாடுகள் தரப்பில் ஆடுவோருக்கான தமிழ்க் கையேட்டில் ஈரூடகத் தரையிறக்கம் (கடலிலிருந்து கரையேறித் தாக்குவது) பற்றிய இயல் ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறது. செயலணி (டாஸ்க் ஃபோர்ஸ்), வழங்கல், குலைவு, ஆயத்தப் புள்ளி என மற்றவை எல்லாம் முடிவாகிவிட்டன. 'காம்பாட் லோடிங்' மட்டும் மீதி.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: போர் முழுவதையும் ஆடும் பெரும் களம் 1941 டிசம்பர் 7-இல் தொடங்குகிறது. ஒரு முறைக்கு ஒரு நாள், ஓர் அறுகோணக் கட்டத்துக்கு 40 கடல் மைல். ஒரு டிவிஷனைத் தீவுக்கு அனுப்ப இரண்டு வழி உண்டு. போக்குவரத்துச் செயலணியில் ஏற்றினால் துருப்பும் தளவாடமும் நெருக்கி அடுக்கப்படும். குறைந்த கப்பல் போதும். ஆனால் நம் வசமுள்ள தளத்தில்தான் இறக்க முடியும். ஈரூடகச் செயலணியில் ஏற்றினால் கூடுதல் கப்பல் வேண்டும். எதிரி பிடித்திருக்கும் கரையில் நேரடியாக இறங்கலாம். இந்த இரண்டாவது முறையில் கப்பலுக்குள் சரக்கு வைக்கப்படும் விதத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

வரைவில் 'போர்ச்சுமையேற்றம்' என்று இருக்கிறது. எனக்கு அதில் நிறைவில்லை. ஒரு வீரன் முதுகில் சுமப்பதும், ஒரு விமானம் தூக்கிச் செல்லும் குண்டும் ஏற்கெனவே நம் பட்டியலில் 'போர்ச்சுமை'. 'போரேற்றம்' என்று சுருக்கினால் சண்டை முற்றுவதாகப் பொருள் வருகிறது. கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.


மடல் 2 (தூத்துக்குடி)

வணக்கம் ஐயா.

'போர்' என்ற சொல்லையே விட்டுவிடலாம். இந்த ஏற்றத்தின் சிறப்பு கடைசியில் ஏறுவது முதலில் இறங்க வேண்டும் என்பதுதான். வீடு மாறும்போது பால் காய்ச்சும் பாத்திரத்தையும் அடுப்பையும் கடைசியில்தானே லாரியில் ஏற்றுவோம்? பீரோவுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் நல்ல நேரம் போய்விடும். அதே கணக்குதான். 'முன்னிறக்க ஏற்றம்' என்று வைக்கலாமா?


மடல் 3 (கோவை)

நண்பர்களுக்கு,

தூத்துக்குடி நண்பர் சொன்ன திசை சரி. ஆனால் 'முன்' என்ற அடை போதாது. முதலில் வேண்டியது மேலே என்பது பாதிதான். ஒவ்வொரு கப்பலும் தனித்து நிற்க வேண்டும் என்பது மறுபாதி. ஒரு பட்டாலியன் ஏறும் கப்பலிலேயே அதன் மோர்ட்டார், குண்டு, தண்ணீர், மருந்து, வண்டி எல்லாம் ஏற வேண்டும். பீரங்கி ஒரு கப்பலிலும் அதன் குண்டு வேறொரு கப்பலிலும் இருந்து, இரண்டாவது கப்பல் மூழ்கிவிட்டால், கரையில் இருக்கும் பீரங்கி வெறும் இரும்பு.

இதைப் படைகள் அடிபட்டுத்தான் கற்றன. 1915-இல் கலிபோலிக்குப் போன பிரிட்டிஷ் கப்பல்களில் ஆயுதம் ஓரிடம், அதற்கானது வேறிடம் என்று ஏற்றியிருந்தார்கள். கப்பல்களை அலெக்சாந்திரியாவுக்குத் திருப்பி, இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். அதற்குள் துருக்கியருக்கு அரண் கட்ட நேரம் கிடைத்தது.

பசிபிக்கிலேயே சரியான எடுத்துக்காட்டு நியூசிலாந்தின் வெலிங்டன். 1942 ஜூலையில் அமெரிக்க 1-ஆம் மரைன் டிவிஷனின் இரண்டாம் பகுதி வணிகமுறையில், அதாவது இடம் வீணாகாமல் நெருக்கி, அடுக்கிய கப்பல்களில் அங்கே வந்து சேர்ந்தது. சாலமன் தீவுகளின் குவாடல்கனாலில் இறங்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. அயோத்தியா துறைமேடையில் ஒரே சமயம் ஐந்து கப்பல்தான் கட்ட முடியும். (அந்தப் பெயரை நம் கையேட்டில் 'அயோட்டியா' என்று எழுதுவோம், இது மாவோரிச் சொல், ராமர் ஊரோடு குழம்பக் கூடாது.) கப்பலுக்கு 300 பேர் என்ற கணக்கில் மரைன்களே எட்டு மணி நேர முறை வைத்து இரவு பகலாக வேலை செய்தார்கள். விடாத மழை. அட்டைப்பெட்டிகள் ஊறிக் கிழிந்து, உள்ளே இருந்த உணவுப் பொருள்கள் மேடையெங்கும் கூழாகிக் கிடந்தன.

இடம் போதாது என்பது அப்போதுதான் உறைத்தது. 90 நாள் வழங்கலை 60 நாளாகக் குறைத்தார்கள். பெரிய லாரிகளில் பெரும்பகுதியையும் 155 மி.மீ. ஹோவிட்சர்களையும் வெலிங்டனிலேயே விட்டுப் போனார்கள். ஆகஸ்ட் 7-இல் தரையிறக்கம். 8-ஆம் தேதி இரவு சாவோ தீவருகே நேச நாடுகள் நான்கு கனரகக் குரூசர்களை இழந்ததும், மறுநாள் தரையிறக்கக் கப்பல்களின் தளபதி டர்னர் தன் கப்பல்களை முழுதும் இறக்காமலே கிளப்பிக்கொண்டு போனார். 3-ஆம் தற்காப்புப் பட்டாலியனின் 5 அங்குலக் கரையோரப் பீரங்கிகள் கப்பலோடு திரும்பின. கரையில் இருந்தவர்களுக்கு நாளுக்கு இரண்டு வேளைதான் சாப்பாடு. கப்பல் எந்த நிமிடம் ஓட நேர்ந்தாலும் அதுவரை இறங்கியதை வைத்துச் சண்டை போட முடிய வேண்டும். அடுக்கும் முறையின் பயனே அதில்தான் இருக்கிறது.

ஆட்டமும் இதே கணக்கில்தான் நடக்கிறது. இந்த இயலில் கீழ்க்கண்டவை கட்டாயம் வர வேண்டும்.

டிவிஷனின் இலக்கைத் தரையிறக்கத்துக்குச் சுமார் மூன்று மாதம் முன்பே குறித்துவிட வேண்டும். அந்த இலக்குக்குப் படை எவ்வளவு தயார் என்று காட்டும் ஆயத்தப் புள்ளி நாளுக்கு ஏறக்குறைய ஒன்று ஏறும், உச்சம் 100. நடுவில் இலக்கை மாற்றினால் சேர்த்தது போய்விடும். புள்ளி குறைவாக இறங்கும் படை கரையிலேயே குலைந்து, தளவாடம் பாழாகி, மறுநாள் தாக்க முடியாமல் கிடக்கும். குவாடல்கனாலின் விமானத்தளம் இருக்கும் லுங்காவைப் பார்த்து ஆசைப்பட்டு, துலாகிக்கு ஆயத்தமான படையைக் குவாடல்கனாலுக்குத் திருப்புவது புதிதாக ஆடுவோர் அடிக்கடி செய்வது. இரண்டும் பக்கத்துத் தீவுகளே என்றாலும் ஆட்டத்தில் அவை வெவ்வேறு இலக்கு. தலைமையகப் பிரிவுக்கும் அதே இலக்கைக் கொடுக்க மறக்கக் கூடாது.

அடுத்தது கப்பல். 1942-இல் கையில் இருப்பவை பெரும்பாலும் வணிகக் கப்பல்கள். கரையில் மெதுவாகத்தான் இறக்கும். தாக்குதல் துருப்புக்கப்பலும் தாக்குதல் சரக்குக்கப்பலும் வேகமாக இறக்கும். அமெரிக்கக் கடற்படை தன் துருப்புக்கப்பல்களுக்கு அந்தப் புது வகைப் பெயரைச் சூட்டியது 1943 பிப்ரவரியில்தான். அதுவரை ஒரு கப்பலுக்குக் குறைவாக ஏற்றி, கப்பல் எண்ணிக்கையைக் கூட்டுவதே நல்லது. பத்துக் கப்பல் ஒரே சமயம் இறக்குவது, ஐந்து கப்பல் நிரம்பி வழிய நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

துருப்பு மட்டும் ஏற்றும் கட்டளையைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டு வழங்கல் இல்லாமல் போய்ச் சேருவது இன்னொரு விபத்து. புறப்படும் முன் செயலணித் திரையில் ஒவ்வொரு கப்பலாகத் திறந்து, அதில் எந்தப் படையின் எந்தத் துண்டு, எவ்வளவு வழங்கல் என்று பார்க்க வேண்டும். ஒரே படை பல கப்பலில் துண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு கப்பல் மூழ்கினால் அந்தத் துண்டு போயிற்று. வெவ்வேறு வேகக் கப்பல்களைக் கலந்தால் எல்லாமே மிக மெதுவான கப்பலின் வேகத்தில்தான் ஊரும். மணிக்கு 18 கடல் மைல் போகும் கப்பலோடு 10 கடல் மைல் போகும் ஒரு கிழட்டுக் கப்பலைச் சேர்ப்பதால் முழு அணியும் எதிரி விமான எல்லைக்குள் கூடுதல் நாள் தங்கும்.

விமானந்தாங்கிகளை இந்தச் செயலணிக்குள் சேர்க்கவே கூடாது. தனி அணியாகப் பின்னால் நிறுத்தி, எதிரியை நோக்கித் தானாகப் பாயும் எல்லையைச் சுழியமாக்க வேண்டும். 1942-இல் நேச நாட்டு விமானந்தாங்கிகளை ஒரே அணியில் குவிப்பதற்கும் தண்டம் உண்டு: விமானம் நூறைத் தாண்டினால் தாக்குதல் அலைகள் ஒருங்கிணையாமல் சிதறும் வாய்ப்பு கூடுகிறது.

சொல்லுக்கு வருகிறேன். வரிசையும் தேவை, இறங்குதலும் தேவை. 'இறங்குநிரல் ஏற்றம்' என்பது என் முன்மொழிவு. இறங்கும் நிரலைப் பார்த்து ஏற்றுவது.


மடல் 4 (யாழ்ப்பாணம்)

கோவை அண்ணாவுக்கு வணக்கம். விளக்கம் மிகத் தெளிவு. சொல்லில் மட்டும் இரண்டு திருத்தம்.

'நிரல்' இப்போது கணினித் தமிழில் ப்ரோகிராமுக்கு நிலைத்துவிட்டது. நாங்கள் எழுதுவது கணினி ஆட்டத்துக்கான கையேடு. 'இறங்குநிரல்' என்று பார்ப்பவர் டவுன்லோட் செய்யும் ஏதோ மென்பொருள் என்றுதான் நினைப்பார். 'வரிசை' என்று வைத்தால் சிறுபிள்ளைக்கும் விளங்கும்.

மற்றது, 'இறங்கு' தன்வினை. துருப்பு இறங்கும், சரக்கை இறக்க வேணும். இந்த முறையில் திட்டமிடப்படுவது எதை எப்போது இறக்குவது என்பது. ஆகவே 'இறக்குவரிசை ஏற்றம்'. ஏற்று, இறக்கு என்று துறைமுகத்தில் நாளாந்தம் புழங்கும் இரண்டு வினையும் ஒன்றாக வருகின்றன.

எதிர்ச்சொல்லும் கையோடு வேணும். போக்குவரத்துச் செயலணியில் நடப்பதை 'இடநிறை ஏற்றம்' எனலாம். இடத்தை நிறைப்பதே அதன் நோக்கம்.

இந்து சமுத்திரப் பக்கம் ஆடுவோருக்கு ஒரு குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். பர்மாக் கரைக்கு, அக்யாப் அல்லது ரம்ரீக்கு, படை ஏற்றக் கொழும்பும் திருகோணமலையும் வசதியான இடங்கள். ஆனால் 1942 முற்பகுதியில் ஏற்றி முடித்த கப்பலை அங்கே கட்டிவைத்துக் காத்திருக்கக் கூடாது. ஏப்ரல் 5-இல் கொழும்பையும் 9-இல் திருகோணமலையையும் ஜப்பானிய விமானந்தாங்கிகள் தாக்கின. திருகோணமலைத் துறைமுகத்தை முதல்நாள் இரவே வெறுமையாக்கியிருந்தார்கள். அப்படியிருந்தும் வெளியே போய்த் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. ஆட்டத்திலும் எதிராளி அந்தப் பக்கம் வரலாம். இறக்குவரிசையில் ஏற்றிய கப்பல் துறைமுகத்தில் அடிபட்டால் துருப்பு, குண்டு, வண்டி எல்லாம் சேர்ந்தே போகும். மூன்று மாத ஆயத்தமும் அதோடு போகும். ஏற்றும் நாளும் புறப்படும் நாளும் ஒட்டியே இருக்க வேணும்.


மடல் 5 (கோவை)

தங்கைக்கு நன்றி. 'நிரல்' மோதும் என்பது முழுக்க உண்மை, என் முன்மொழிவை எடுத்துவிடுகிறேன். 'இறக்குவரிசை ஏற்றம்' எல்லா வடிவத்திலும் நிற்கிறதா என்று போட்டுப் பார்த்தேன்: இறக்குவரிசையில் ஏற்றிய கப்பல், இறக்குவரிசைத் திட்டம், இறக்குவரிசை குலைந்தது. எங்கும் இடறவில்லை. கப்பலின் சரக்கறைப் படத்தை வைத்து எது எங்கே என்று முடிவு செய்யும் படை அதிகாரியை 'ஏற்ற அலுவலர்' எனலாம். கனமான டாங்கியை எந்த டெரிக் (கப்பலின் பாரந்தூக்கி) தூக்கும், அந்த டெரிக் எந்தச் சரக்கறை வாய்க்கு மேல் இருக்கிறது என்று கணக்குப் போடுவது அவர் வேலை.

ஒவ்வொரு கப்பலும் தனித்து இயங்க வேண்டும் என்ற பொருள் சொல்லுக்குள் வரவில்லை. அதை வரையறையில் சொல்லிவிடலாம். சொல்லை நீட்டினால் யாரும் புழங்கமாட்டார்கள்.

   வெலிங்டன் துறைமேடையின் பெயர் 'அயோட்டியா' என்றே எல்லா இடத்திலும் இருக்கட்டும்.


மடல் 6 (சென்னை)

அனைவருக்கும் நன்றி. பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்.

இறக்குவரிசை ஏற்றம்: எதிரிக் கரையில் முதலில் வேண்டியது முதலில் வெளிவரும்படி, ஒவ்வொரு படைப்பிரிவையும் அதன் தளவாடத்தோடு ஒரே கப்பலில் ஏற்றும் முறை. கொள்ளளவு வீணாகும். எதிர்ச்சொல்: இடநிறை ஏற்றம். வினை: இறக்குவரிசையில் ஏற்று.

இயலின் பத்தி இப்போது இவ்வாறு ஆகிறது. குறை இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.

"சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தென் பசிபிக்கின் நூமியாவுக்குப் படையை இடநிறை ஏற்றத்தில் கொண்டுவரவும், கப்பல் மிச்சமாகும். நூமியாவில் முழுதும் இறக்கவும். படையின் குலைவும் களைப்பும் தணியும்வரை காத்திருக்கவும். அதற்குள் ஆயத்தப் புள்ளியும் ஏறும். பிறகு புதிதாக ஈரூடகச் செயலணி அமைத்து, இறக்குவரிசையில் ஏற்றவும். வழங்கலை மட்டும் சுமக்கும் கப்பல்களைத் தனிச் செயலணியாக்கி ஒரு நாள் பின்னால் வரச் செய்யவும். முதல் அணி கரையில் இருக்கும்போது எதிரியின் குரூசர்கள் இரவில் வந்தால், அரைகுறையாக இறக்கிய கப்பல்களைத் திருப்பத் தயங்க வேண்டாம்; கரையில் உள்ள துண்டுகள், இறங்கிய வழங்கல் தீரும்வரை தாங்கும். பொறியாளர் பிரிவு முதல் அணியிலேயே இருக்கட்டும். விமானத்தளம் இயங்கத் தொடங்கிய பிறகே இரண்டாம் அணியைப் பகலில் கரையருகே நிறுத்தவும்."