ஸ்பானிஷ் மெயின், கூடவே ரஷ்யன்: இரண்டாம் வருடம் ஒன்றை விட்டுவிடலாமா?

காசிமேடு பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முதல் வருடம் முடித்திருக்கிறேன். மெயின் ஸ்பானிஷ், இரண்டாம் மொழி ரஷ்யன். இப்போது லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஜூன் கடைசிக்குள் அடுத்த வருடப் பாடங்களைக் குறித்துக் கொடுக்க வேண்டும். ரஷ்யனைத் தொடர்வதா, விடுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை.

இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. ஸ்பானிஷில் "நோ" என்றால் இல்லை. ரஷ்யனில் "நோ" என்றால் ஆனால். ஸ்பானிஷில் "தா" என்றால் கொடுக்கிறான். ரஷ்யனில் "தா" என்றால் ஆமாம். "இ" மட்டும்தான் இரண்டிலும் நம்முடைய "உம்". மார்ச்சில் ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வு. "சென்னையிலிருந்தா வருகிறாய்?" என்று கேட்டார்கள். "சி" என்று சொல்ல வேண்டிய இடத்தில் மூன்று முறை "தா" என்றே வந்தது. தேர்வு நடத்திய ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இரண்டு படகில் கால் வைக்காதே" என்று இந்தியில் சொன்னார். எங்கள் துறைமுகத்தில் படகுகளை ஒட்டி ஒட்டித்தான் கட்டியிருப்பார்கள். நாலு படகு தாண்டித்தான் நம் படகுக்குப் போக முடியும். அதை அவரிடம் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஸ்பானிஷ் போதும், கம்பெனியில் வேலை கிடைக்கும் என்கிறார்கள். அம்மா மீன் ஏலம் விடுகிறார். அவர் எதுவும் சொல்லவில்லை, "உனக்கு எது வருதோ அதைப் படி" என்பதோடு சரி. ரஷ்யன் எடுத்ததற்குக் காரணம் தாத்தா. ஹார்பரில் மூட்டை தூக்கியவர். அவருடைய தகரப் பெட்டியில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் ஒன்பது இருந்தன. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பனியும் கரடியும் படம் படமாக. எட்டு வயதில் அதில்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தக் கதைகளை அவற்றின் சொந்த மொழியில் படிக்க வேண்டும் என்று அப்போதே ஆசை.

இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இந்தக் குழப்பம் தீருமா?

---

தண்டையார்பேட்டை அக்கா எழுதியது:

தங்கச்சி, தீரும். ரஷ்யனை விடாதே.

நான் ஐதராபாத்தில் இதே இரண்டையும் படித்தவள். இப்போது பதினைந்து வருடமாக மொழிபெயர்ப்புதான் தொழில். இயந்திரக் கையேடுகள், மருத்துவ அறிக்கைகள், கப்பல் காகிதங்கள். உனக்கு நடந்தது எனக்கும் நடந்தது. இரண்டு புது மொழியும் மனதில் ஒரே அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கையை விட்டால் எது முதலில் தட்டுப்படுகிறதோ அதுதான் வரும். ஒரு மொழி நன்றாகக் காலூன்றியதும் இது தானாகக் குறையும். உனக்கு ஸ்பானிஷ்தான் மெயின், அதை முன்னே போக விடு. இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால்தான் சண்டை அதிகம்.

ஆனால் எனக்கு உண்மையில் வழி திறந்தது வேறு ஒரு விஷயத்தில். வகுப்பில் எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நீ ஆங்கிலத்தை இறக்கி வைத்துவிட்டுத் தமிழிலிருந்து போய்ப் பார்.

"எனக்கு மீன் பிடிக்கும்." ஆங்கிலத்தில் இது "நான்" என்று தொடங்கும். ஸ்பானிஷில் "மே குஸ்தா எல் பெஸ்காதோ", ரஷ்யனில் "ம்னே ந்ராவித்சா ரீபா". இரண்டிலும் "எனக்கு"தான். என்னோடு படித்த வடநாட்டுப் பிள்ளைகளுக்கும் இது சுலபமாக வந்தது, இந்தியும் இந்த விஷயத்தில் நம் பக்கம்.

"எனக்கு இருபது வயது." ரஷ்யன் அப்படியே நம் மாதிரி: "ம்னே த்வாத்சத் லெத்". ஸ்பானிஷ் பிரிந்து போகும், அங்கே வயதைக் கையில் வைத்திருக்க வேண்டும்: "தெங்கோ வெய்ந்தே அன்யோஸ்". "அவன் மாணவன்" என்பதிலும் நம்மைப் போலவே ரஷ்யனில் நடுவில் வினை கிடையாது, "ஓன் ஸ்துதேந்த்" அவ்வளவுதான். ஸ்பானிஷில் "எஸ்" வந்தே தீரும். இப்படித் தமிழ் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போ. என் நோட்டில் மூன்று பத்தி இருந்தது. இரண்டு மாதத்தில் "நோ" குழப்பம் போய்விட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. "புத்தகம் பார்த்தேன்" என்று சொல்லலாம். "அண்ணன் பார்த்தேன்" என்று சொல்ல முடியாது, "அண்ணனை" என்று "ஐ" போட்டே ஆக வேண்டும். ஆளுக்கு உருபு கட்டாயம், பொருளுக்கு இல்லாமலும் ஓடும். இப்போது ஸ்பானிஷைப் பார்: "வேயோ எல் லிப்ரோ", புத்தகத்தைப் பார்க்கிறேன். "வேயோ ஆ மி எர்மானோ", அண்ணனைப் பார்க்கிறேன். ஆள் வந்ததும் அந்த "ஆ" எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். ரஷ்யனில் மேசையைப் பார்க்கிறேன் என்றால் "வீஷு ஸ்தோல்", சொல் மாறாது. அண்ணனைப் பார்க்கிறேன் என்றால் "ப்ராத்" என்பது "ப்ராத்தா" ஆகிவிடும். ரஷ்யனில் ஆண்பால் ஒருமையிலும், பன்மை முழுவதிலும் இந்தக் கணக்கு. மற்ற உயிர்களுக்கும் உண்டு. மாஸ்கோ, மாட்ரிட், காசிமேடு, மூன்று இடத்திலும் பேசுகிறவர்கள் ஆளையும் பொருளையும் பிரித்துப் பார்க்கிறார்கள். இதை முதன்முதலில் கண்டுபிடித்த அன்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் தனியாக நின்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, ஒலி. ரஷ்யனில் "ரீபா" என்று எழுதுகிறேனே, அங்கே "ஈ" சரியில்லை. "காசு", "காது" என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருகிறதல்லவா, நம் குற்றியலுகரம், அதைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் அந்த ரஷ்ய உயிரெழுத்துக்கு மிக அருகில் வந்துவிடுவாய். வகுப்பில் ஆங்கில வழியில் போனவர்களுக்கு இதற்கு ஒரு செமஸ்டர் ஆனது.

எச்சரிக்கையும் சொல்கிறேன். ரஷ்யனில் அழுத்தம் விழாத "ஓ" எல்லாம் "அ" ஆகும். பால் என்பதற்கு எழுத்தில் மூன்று "ஓ", வாயில் "மலக்கோ". ஸ்பானிஷில் ஐந்து உயிரும் எங்கே நின்றாலும் தெளிவாக ஒலிக்க வேண்டும். ரஷ்யன் வகுப்பு முடிந்த கையோடு ஸ்பானிஷ் வகுப்புக்குள் நுழைந்தால் இந்த "அ" கூடவே வரும். நடுவில் ஒரு மணி நேரமாவது விடு. முடிந்தால் ரஷ்யன் காலை, ஸ்பானிஷ் மாலை.

இறந்தகாலம்தான் பெரிய பொறி. முடிந்தது, முடியாதது என்று ஸ்பானிஷில் இரண்டு வடிவம், ரஷ்யனில் வினைக்கு ஒரு இணை. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். இல்லை. "இரண்டு மணி நேரம் படித்தேன்" என்பதை எடுத்துக்கொள். ஸ்பானிஷ்காரர் இதற்கு முடிந்த வடிவத்தைப் போடுவார், "லெயீ". ரஷ்யர் முடியாத வடிவத்தைப் போடுவார், "சிதாலா"; புத்தகம் முடிந்ததாகச் சொல்லவில்லையே. "படித்து முடித்தேன்" என்றால்தான் "பிரசிதாலா". நமக்கு "படித்தேன்", "படித்து முடித்தேன்", "படித்துக்கொண்டிருந்தேன்" என்று மூன்றும் தனித்தனியாக இருப்பதால் கொஞ்சம் நிதானித்தால் பிடித்துவிடலாம்.

நேரம் எவ்வளவு ஆகும் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்துகொள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்கு ரஷ்யனுக்கு சுமார் 44 வாரம் ஒதுக்குகிறது. ஸ்பானிஷுக்கு சுமார் 30 வாரம்தான். அதனால் ரஷ்யன் பின்தங்கியிருந்தால் உன் குறை என்று நினைக்காதே.

கடைசியாக உன் அம்மாவுக்கு ஒரு சேதி. ஸ்பானிஷில் நீரில் உயிரோடு நீந்தினால் "பெஸ்". பிடித்துக் கூடையில் விழுந்துவிட்டால் "பெஸ்காதோ". சொல்லிப் பார், என்ன சொல்கிறார் என்று எழுது.

---

ராயபுரம் டாலி எழுதியது:

பாப்பா, நான் ஹார்பரில் 22 வருடம் சரக்குக் கணக்கு எழுதியவன். மேலே அக்கா சொன்னது படிப்புக்குச் சரி. வேலைக்கு நான் சொல்வதையும் கேட்டுக்கொள்.

கப்பலில் பனாமா கொடி பறந்தால் உள்ளே ஸ்பானிஷ் பேசுவார்கள் என்று நினைத்துவிடாதே. கொடி ஒரு நாடு, ஆள் வேறு நாடு. ரஷ்யன் பேசுகிற கேப்டன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "ஸ்பசீபா" என்று ஒரு நன்றி சொன்னால் முகம் மலர்ந்துவிடும். 2019-இல் சென்னைக்கும் விளாடிவோஸ்டோக்குக்கும் கடல்வழி என்று அறிவித்தார்கள், சுமார் 5,600 கடல் மைல். கூடங்குளத்தில் நிற்பதும் ரஷ்ய அணு உலைகள்தான். தமிழ்நாட்டில் ரஷ்யன் தெரிந்தவனுக்கு வேலை இல்லை என்று சொல்கிறவர்கள் தெற்கே பார்க்கவில்லை.

ஆனாலும் என் மனதில் பட்டது: ஒரு வருடம் ரஷ்யனைத் தள்ளி வை. ஸ்பானிஷ் தகுதிக்கான டெலே பரீட்சையில் பி2 நிலை வாங்கிவிட்டு, அப்புறம் முழு மூச்சாக ரஷ்யன் படி. என் மகன் இரண்டு படிப்பை ஒன்றாக இழுத்து, இரண்டிலும் அரியர் வைத்து, ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தான். அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

---

தண்டையார்பேட்டை அக்கா எழுதியது:

அண்ணே, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஒரு வருடம் விட்டால் ரஷ்யனில் முதலில் உதிர்வது வேற்றுமை விகுதிகள். ஆறு வேற்றுமை, மூன்று பால், ஒருமை, பன்மை. எனக்கு நடுவில் ஏழு மாதம் விட்டுப்போய், மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்கினேன். தள்ளி வைப்பதை விட வாரத்துக்கு நாலு மணி நேரம் என்று குறைத்துக்கொள்ளட்டும்.

---

வியாசர்பாடி பழைய வாசகர் எழுதியது:

அம்மாடி, உன் தாத்தாவின் பெட்டியைப் பற்றிப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடையில் அந்தப் புத்தகங்களை இரண்டு ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் வாங்கியவன் நான். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்று பதிப்பகத்தின் பெயர் போட்டிருக்கும். நம் ஊர்க்காரர்கள் மாஸ்கோவில் போய்த் தங்கி மொழிபெயர்த்தார்கள். சோவியத் யூனியன் 1991-இல் உடைந்த பிறகு அந்த வரத்தே நின்றுபோனது.

மொழிகளைப் பற்றிச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஒன்று மட்டும். ஆழ்வார்பேட்டையில் கஸ்தூரி ரங்கன் சாலையில் ரஷ்ய கலாச்சார மையம் இருக்கிறது. மொழி வகுப்பும் உண்டு. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறித் தேனாம்பேட்டையில் இறங்கினால் ஒரு ஆட்டோ தூரம். தாத்தாவின் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போ. அதன் ரஷ்ய மூலம் எது என்று அங்கே யாரையாவது கேள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார். வகுப்பில் இல்லாத பாடம் அது.

---

காசிமேடு பொண்ணு எழுதியது:

அக்கா, அண்ணன், ஐயா, எல்லோருக்கும் நன்றி. நாலைந்து நாள் பதில் எழுத முடியவில்லை. 14-ஆம் தேதி இரவோடு 61 நாள் மீன்பிடித் தடை முடிந்தது. முதல் விசைப்படகுகள் திரும்பும் வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. இன்று விடியற்காலை அம்மாவோடு ஏலத்துக்குப் போனேன்.

பெஸ், பெஸ்காதோ இரண்டையும் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ கூடையில துள்ளிக்கினு இருக்கிறது எதுல சேர்த்தி?" என் ஆசிரியரிடம் கேட்கக் குறித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஏலம் முடிந்ததும் மிச்சமிருந்த வஞ்சிரத்தை ரஷ்யனில் எண்ணிக் காட்டினேன். ஒன்று "அத்னா ரீபா". இரண்டு, மூன்று, நாலு வரை "ரீபி". ஐந்திலிருந்து "ப்யாத் ரீப்", "ஷேஸ்த் ரீப்". அம்மா கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்தில் நின்றுவிட்டு, "இதுல இருந்து ஏன் வாலை அறுத்துட்டாங்க?" என்றார். ஒரு வருடம் அட்டவணையாக மனப்பாடம் செய்ததை அவர் ஒரு தடவை கேட்டதிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

படிவத்தில் இரண்டையும் குறித்துவிட்டேன். அண்ணன் கவலைப்பட்டதற்காக, அக்கா சொன்னபடி ரஷ்யனை வாரத்துக்கு நாலு மணி நேரமாக வைத்திருக்கிறேன். நாளைக்குத் தாத்தாவின் புத்தகத்தோடு ஆழ்வார்பேட்டை போகிறேன், ஐயா.

அக்கா, ஒரு சந்தேகம். இருபது வரை "ரீப்" என்று வந்துவிட்டு, இருபத்தொன்றில் மறுபடி "ரீபா" என்று ஒருமையாகிவிடுகிறதே, ஏன்? அம்மா கேட்கிறார்.

---

தண்டையார்பேட்டை அக்கா எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கம். இருபத்தொன்றில் கடைசியில் நிற்பது "ஒன்று". மீனை அதுதான் பிடித்து இழுக்கிறது, இருபதுக்கு அங்கே பிடி இல்லை. 31, 41 எல்லாம் அப்படியே. பதினொன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள், அது ஒரே சொல்: "அதின்னத்சத் ரீப்".