ஒற்றை விரிப்புக் கூரை: 'சவ்வு' ஏன் பொருந்தாது

அன்பர்களுக்கு வணக்கம்.

தட்டைக் கூரைமேல் நீர் இறங்காதபடி ஒரே ஒரு விரிப்பைப் போர்த்தும் முறையை ஆங்கிலத்தில் சிங்கிள் ப்ளை மெம்பிரேன் ரூஃபிங் என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக 'ஒற்றையடுக்குச் சவ்வுக் கூரை' என்ற பரிந்துரை வந்திருக்கிறது. 'கூரை' எனக்கு உடன்பாடே. தட்டையாக இருந்தாலும் இது மாடிபோல ஆள் புழங்கும் இடமல்ல. மற்ற இரு சொற்களையும் ஏற்க முடியவில்லை.

பள்ளியில் சவ்வூடு பரவல் படித்தவருக்குச் சவ்வு என்றாலே நீரை ஊடுருவ விடும் பொருள். குடிநீர்க் கருவிக்குள் இருக்கும் சவ்வும் அப்படித்தான். கூரைமேல் வருவதற்கோ ஒரு சொட்டும் இறங்காமல் தடுப்பதுதான் வேலை. நேர் எதிரான குணத்தைப் பெயரிலேயே ஏற்றிவிடக் கூடாது. 'படலம்' பரவாயில்லை, ஆனால் தூரிகையால் பூசிக் காயவிடும் பூச்சுக்கு அந்தச் சொல் வேண்டும். 'தகடு' உலோகத்துக்குப் போய்விட்டது.

'அடுக்கு' இன்னும் சிக்கல். அமெரிக்காவில் கிடங்குகள், கடைத்தொகுதிகளின் தட்டைக் கூரைமேல் முன்பெல்லாம் கொதிக்கும் தாரை ஊற்றி, தார்க்கம்பளத்தை மூன்று முதல் ஐந்து முறை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, மேலே சரளை தூவுவார்கள். 1960களில் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் விரிப்பு வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில் தார் விலை ஏறியதும் அதற்கு மவுசு கூடியது. 'சிங்கிள்' என்பது அந்தப் பழைய முறைக்கு எதிராக நின்ற சொல். களத்தில் எத்தனை முறை விரிக்கிறோம் என்பதே அங்கே கணக்கு. இன்றைய பி.வி.சி., டி.பி.ஓ. என்ற நெகிழி விரிப்புகளின் வெட்டுவாயைப் பாருங்கள்: மேலும் கீழும் நெகிழி, நடுவே பாலியெஸ்டர் வலை. அந்த வலை இல்லாத தொடக்ககால பி.வி.சி. விரிப்புகள் நெகிழ்வூட்டியை இழந்து சுருங்கி, குளிரில் நொறுங்கின. மூன்று அடுக்கு கொண்ட பொருளை 'ஒற்றையடுக்கு' என்று சொல்லிவிட்டு இந்த வரலாற்றை எப்படி விளக்குவது?

ஆகவே 'ஒற்றை விரிப்புக் கூரை' என்று முன்மொழிகிறேன். பாயைப் போலச் சுருட்டி மேலேற்றி விரிக்கிறார்கள், ஈ.பி.டி.எம். சுருள் 15 மீட்டர் அகலம் வரை வருகிறது. பழைய முறை 'பல்லடுக்குத் தார்க்கூரை' ஆகட்டும்.

விரிப்பு என்றால் சும்மா கிடப்பதல்லவா என்று கேட்கலாம். உண்மையிலேயே அப்படி ஒரு முறை உண்டு. எதனோடும் ஒட்டாமல் விரித்து, காற்று தூக்காதபடி சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ கல்லைப் பரப்புவார்கள். இந்தக் கல்லை மட்டும் தயவுசெய்து ஜல்லி என்று எழுதாதீர்கள். ஜல்லி உடைத்த கல், முனை உள்ளது, விரிப்பைக் கிழித்துவிடும். இங்கே வேண்டியது உருண்டைக் கூழாங்கல். 'பாரக்கல்' எனலாம். பசையால் ஒட்டுவது 'ஒட்டுவிரிப்பு', திருகாணியும் வில்லையும் கொண்டு இறுக்குவது 'திருகுவிரிப்பு'.

அதிகக் கவனம் கேட்பது இரண்டு விரிப்புகள் சேரும் இடம். அங்கே விட்டுப்போனால் தண்ணீரைத் தாங்க அடியில் இன்னொரு விரிப்பு கிடையாது. அகராதியில் 'மூட்டுவாய்' என்ற நல்ல சொல் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். ஈ.பி.டி.எம். வல்கனைஸ் செய்து இறுக்கிய ரப்பர், உருகாது. பெரும்பாலும் ஒட்டுநாடாவால் இணைப்பார்கள். பி.வி.சி., டி.பி.ஓ. இரண்டும் உருகும், வெப்பக்காற்றால் விளிம்பை இளக்கி, உருளையால் அழுத்தி, ஆறியபின் மழுங்கிய முனைக் கருவியை விளிம்பு நெடுக இழுத்துச் சோதிப்பார்கள். 'நாடா மூட்டுவாய்', 'வெப்ப மூட்டுவாய்' என்று பிரித்தே எழுத வேண்டும். இரண்டையும் 'ஒட்டு' என்றால் பழுதுபார்க்க வருபவர் டி.பி.ஓ. மேல் பசை டப்பாவோடு நிற்பார்.

எழுதிப் பார்த்தேன்: "திருகுவிரிப்பின் வெப்ப மூட்டுவாயில் இரண்டு இடம் விட்டிருக்கிறது, வடிகால் பக்கம் வாட்டமும் போதவில்லை." தடையில்லாமல் வருகிறது.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கைப்பிடிச்சுவரின் அடியில் விரிப்பை மடக்கி மேலேற்றி, உச்சியில் பட்டைக் கம்பி வைத்து முடிக்கும் பகுதிக்கு 'ஏற்றுமடிப்பு' என்று யோசித்தேன். கட்டட வேலையில் இருக்கும் அன்பர்கள் இதற்குக் களத்தில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் அதையே ஏற்றுக்கொள்ளலாம்.