எழுதிப் பழகும் புத்தகத்துக்கு ஒற்றைக் கோட்டுத் தமிழ் எழுத்துரு தேவை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் பயிலும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்காக, புள்ளிக்கோட்டின் மேல் எழுதிப் பழகும் 32 பக்கப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை இங்க்ஸ்கேப் 1.3 என்ற வரைகலை மென்பொருளில் வடிவமைத்து வருகிறேன். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவில் எழுத்துக்கு வெளிக்கோடு எடுத்துப் புள்ளியாக்கினால், இருபக்க விளிம்பிலும் கோடு ஓடுகிறது. குழந்தை எழுத்தைச் சுற்றி வரைகிறதே தவிர, கையோட்டம் பழகுவதில்லை. விளிம்புகள் இல்லாமல், கை ஓடும் வழியே ஒரே கோடாக அமைந்த ஒற்றைக் கோட்டு எழுத்துருதான் இதற்குத் தேவை.

எழுத்தைப் பெரிய படமாக்கி நடுக்கோட்டைப் பிரித்தெடுக்கும் வசதியையும் முயன்றேன். 'ப', 'ட' ஓரளவு சரியாக வந்தன. சுழியுள்ள 'ண', 'ஞ' ஆகியவை கோடுகள் சந்திக்கும் இடங்களில் கோணி உடைந்தன. உரையை ஒற்றைக் கோட்டு எழுத்துகளாக மாற்றித் தரும் இங்க்ஸ்கேப்பின் ஹெர்ஷே உரை நீட்சியில் தமிழ் இல்லை. கையால் வரையலாமென்றால், கால், கொம்பு போன்ற குறிகளை ஒருமுறை வரைந்து எல்லா எழுத்துக்கும் பயன்படுத்த முடிந்தாலும், உகர ஊகார வரிசைகள் மெய்க்கு மெய் வடிவம் மாறுவதால் அவற்றைத் தனித்தனியே வரைந்தாக வேண்டும். வீட்டில் தமிழ் பேசி, தெருப் பலகைகளில் மலையாளம் பார்த்து வளரும் இக்குழந்தைகளுக்கு எழுத்து தொடங்கும் இடமும் திசையும் ஐயமறத் தெரிய வேண்டும் என்பதால், இதில் குறை வைக்க மனம் ஒப்பவில்லை. ஜூனில் பள்ளி திறக்கும் முன் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அச்சில் பயன்படுத்த உரிமம் உள்ள ஒற்றைக் கோட்டுத் தமிழ் எழுத்துரு எங்கேனும் கிடைக்குமா?