மறு: 'போட்' என்பதற்கு ஒரே தமிழ்ச் சொல் வேண்டாம்

வணக்கம் எல்லோருக்கும்.

கணினியில் வரும் 'போட்' (port) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாகப் போன கிழமையிலிருந்து இந்த இழையில் முனையம், வாயில், துறை என்று மூன்று சொற்கள் நிற்கின்றன, எதுவும் முடிவாகவில்லை. நான் ஒரு ரவுட்டரின் (கணினிகளை இணையத்தோடு இணைக்கும் பெட்டி) கையேட்டையும் அதன் திரையில் வரும் சொற்களையும் தமிழாக்கிக்கொண்டிருப்பதால் எனக்கு இது அவசரம். கையேட்டில் ஒரே பக்கத்தில் 'போட்' மூன்று பொருளில் வருகிறது: வயர் செருகும் ஓட்டை, ஒரு கணினிக்குள் எந்தச் சேவைக்குத் தரவு போகவேண்டும் என்று காட்டும் 8080 மாதிரியான இலக்கம், அப்புறம் அந்த மென்பொருளை வேறு வகை ரவுட்டரில் ஓடும்படி ஆக்குவது. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் என்ன நடக்கும் என்று நேரே கண்டிருக்கிறேன். திருகோணமலையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு வலையமைப்புச் சொல்லிக்கொடுக்கிறேன். மூதூரிலிருந்து வரும் ஒரு பிள்ளையிடம் "8080 போட்டைத் திற" என்றேன், பிள்ளை கணினியைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் தேடத் தொடங்கிவிட்டது. பிழை பிள்ளையில் இல்லை, சொல்லில்.

ஒலியை அப்படியே எழுதிவிடலாம், எல்லோருக்கும் விளங்கும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். சென்னையில் 'போர்ட்' என்று எழுதுவீர்கள், ஓரளவுக்குச் சரிவரலாம். எங்கள் பேச்சில் அந்த ரகரம் நிற்பதில்லை. மூதூருக்குப் போட்டில் போகிறோம், வகுப்பில் போட்டில் எழுதுகிறோம், மதர்போட்டில் யூஎஸ்பி போட் இருக்கிறது. படகும் பலகையும் ஓட்டையும் ஒரே ஒலியில் வந்து நின்றால் கற்பிக்கிறவர் என்ன செய்வது?

ஆங்கிலேயருக்கே இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. கப்பலின் இடப்பக்கத்தை முன்பு 'லார்போர்ட்' என்றார்கள், வலப்பக்கம் 'ஸ்டார்போர்ட்'. காற்றிலும் அலைச்சத்தத்திலும் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், சுக்கான் பிடிப்பவன் தவறாகத் திருப்பினால் கப்பல் போச்சு. அதனால் 1844 இல் பிரித்தானியக் கடற்படை இடப்பக்கத்துக்கு 'போர்ட்' என்றே சொல்லவேண்டும் என்று உத்தரவு போட்டது. பழங்காலக் கப்பல்களில் சுக்கான் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால் இடப்பக்கத்தைத்தான் கரையில் அணைப்பார்கள், பெயருக்கு அதுதான் காரணம். நமக்கு 'இடப்பக்கம்' போதும், அந்தப் பொருளை இத்தோடு விடுவோம்.

இனி வேருக்கு வருகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. இலத்தீனில் 'போர்ட்டுஸ்' என்றால் கப்பல் ஒதுங்கும் இடம், 'போர்ட்டா' என்றால் வாசல், 'போர்ட்டாரே' என்றால் சுமந்து செல்வது. மூன்றும் ஆங்கிலத்தில் வந்து ஒரே எழுத்துக் கூட்டலுக்குள் அடங்கிவிட்டன. தமிழில் அப்படி அடங்கவில்லை, அடக்கவும் தேவையில்லை. எங்கள் மாவட்டத்தில் ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஓர் ஊரின் பெயர் இலங்கைத்துறை முகத்துவாரம். படகு கரைபிடிக்கும் இடம் துறை, களப்பு கடலுக்கு வாய் திறக்கும் இடம் முகத்துவாரம். ஆங்கிலம் கலந்துவிட்ட இரண்டு பொருளையும் அந்த ஊர்ப் பெயர் தனித்தனியே வைத்திருக்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு ஒரு சொல் போதவில்லை, ஏனென்றால் இடம் இரண்டு வகை.

வலையமைப்பு இலக்கத்துக்கு என் வாக்கு 'துறை'. துறைமுகம் என்று சொல்லவில்லை, துறை. வித்தியாசத்தை எங்கள் ஊரை வைத்தே சொல்லலாம். திருகோணமலை ஒரு துறைமுகம்தான், ஆனால் உள்ளே வரும் கப்பல் எல்லாம் ஒரே இடத்தில் கட்டுவதில்லை. கோதுமைக் கப்பல் மா ஆலையின் இறங்குதுறைக்குப் போகும், சீமெந்துக்கு அரைக்கும் கிளிங்கர் கட்டிகளைக் கொண்டுவருவது சீமெந்துத் தொழிற்சாலைத் துறைக்கு, எண்ணெய்க் கப்பல் சீனக்குடாவில் எண்ணெய் இறக்கும் துறைக்கு. வலையமைப்பில் ஒரு கணினியைக் காட்டும் ஐபி முகவரி அந்தத் துறைமுகம். அதற்குள் மின்னஞ்சல் 25 ஆம் துறையில் இறங்கும், இணையப் பக்கம் 80 இல், பூட்டிட்ட இணைப்பு என்றால் 443 இல், தளத்தின் பெயரைக் கொடுத்து ஐபி முகவரி கேட்கும் பெயர்த்தேடல் 53 இல். 16 பிட் இலக்கம் என்பதால் 0 முதல் 65,535 வரை துறைகள். 'துறை திறந்திருக்கிறது', 'துறை மூடியிருக்கிறது' என்று சொன்னால் விளக்கவே தேவையில்லை, கடற்கரைப் பிள்ளைக்கு உடனே பிடிபடும். வகுப்பில் இப்படிச் சொல்லிக்கொடுத்த பிறகு ஒருவரும் பின்பக்கத்தில் ஓட்டை தேடவில்லை.

துறை என்றால் வருவாய்த்துறை, காவல்துறை என்று அரசு அலுவலகம்தானே ஞாபகம் வரும் என்று தமிழ்நாட்டு நண்பர் கேட்டது நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் அதற்குத் திணைக்களம் என்று தனிச்சொல் இருப்பதால் அந்த முட்டல் எங்களுக்குக் குறைவு. ஆனாலும் 'கல்வித்துறை' என்று நாங்களும் சொல்கிறோம், மறுக்கவில்லை. இலக்கத்தோடு சேர்ந்து '443 ஆம் துறை' என்று வரும்போது யாரும் அலுவலகத்தை நினைக்கமாட்டார்கள் என்பதுதான் என் எண்ணம். பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை என்று வடக்கே கரை முழுக்க இந்தச் சொல்தான் ஊராக நிற்கிறது. உங்களுக்கும் படித்துறை இருக்கிறதே.

முனையம் விமான நிலையத்துக்கும் கட்டளை எழுதும் கறுப்புத் திரைக்கும் போய்விட்டது. வாயில் என்றால் தமிழ்நாட்டுப் பாடநூலில் 'லொஜிக் கேட்' என்ற மின்சுற்றுக்குத் தருக்க வாயில் வரும் (நாங்கள் அதைத் தருக்கப் படலை என்கிறோம், வீட்டு முன்வாசலில் இருக்கும் படலைதான்), ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கேட்வேக்கும் நுழைவாயில் வேண்டும். இரண்டையும் விட்டுவிடலாம்.

வயர் செருகும் ஓட்டையில்தான் நான் அதிகம் தடுமாறினேன். முன்பு 'செருகுவாய்' என்று இங்கே முன்மொழிந்தவன் நானே. வாய் என்பது வாய்க்காலிலும் இருக்கிறது, பொருள் சரியாகவே பட்டது. திரைச் சொற்களை ஒவ்வொன்றாக நிரப்பும்போதுதான் பிழை தெரிந்தது: திரையில் தனியே 'செருகுவாய்' என்று இருந்தால் 'நீ செருகுவாய்' என்று ஏவுவதுபோல இருக்கிறது. 'இணைவாய்', 'பொருத்துவாய்' எல்லாவற்றுக்கும் இதே கதி, வினையடியோடு வாய் சேர்ந்தாலே முன்னிலை எதிர்கால வினைமுற்று ஆகிவிடும். யாழ்ப்பாணத்து அக்கா அப்போதே ஏதோ இடிக்கிறது என்று எழுதினார், நான்தான் கவனிக்கவில்லை. மன்னியுங்கள் அக்கா, நீங்கள் சொன்னது சரி.

அதற்குப் பதிலாக 'கண்' என்று முடியும் சொல்லைப் பாருங்கள். வலைக்கு இத்தனை விரற்கண் என்று கடற்றொழிலாளர் கணக்குச் சொல்வார்கள், மதகுக்குக் கண் உண்டு, ஊசிக்கும் தேங்காய்க்கும் கண் உண்டு. அளவாக வெட்டிய, ஒன்று நுழையவோ போகவோ இருக்கிற துவாரத்துக்குத் தமிழ் காலங்காலமாகக் கண் என்றுதான் சொல்லி வருகிறது. 'செருகுகண்' என்கிறேன். யூஎஸ்பி செருகுகண், எச்டிஎம்ஐ செருகுகண், ரவுட்டரில் நான்கு செருகுகண்கள். முதல் தரம் சொல்லும்போது ககரம் இரண்டும் இடறும். நாலு தரம் சொன்னால் பழகிவிடுகிறது, வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

மூன்றாவது, மென்பொருளை வேறு இயந்திரத்துக்குக் கொண்டுபோவது. 'இடப்பெயர்வு' என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். இலக்கணப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் அந்தச் சொல் பாயும் சட்டியும் தூக்கிக்கொண்டு பாடசாலைக் கட்டடத்தில் படுத்த இரவுகளைச் சொல்லும், 2006 இல் போருக்குத் தப்பி மூதூர்ச் சனம் நடந்ததைச் சொல்லும். அந்தச் சொல்லை ஒரு செயலியின் மீது வைக்க எனக்குக் கை வரவில்லை, தயவுசெய்து வேண்டாம். 'பெயர்த்துநடல்' எப்படி? எங்கள் பக்கம் நெல்லை விதைப்பதுதான் அதிகம் என்றாலும் மிளகாயும் கத்தரியும் நாற்றுமேடையில் போட்டுப் பெயர்த்துத்தான் நடுகிறோம். மண் மாறுகிறது, செடி அதேதான், வேர் பிடிக்கக் கொஞ்சம் வேலை இருக்கிறது. மென்பொருளிலும் நடப்பது அதுதான், வெறுமனே நகல் எடுத்து வைப்பதில்லை. கைப்பேசி இலக்கத்தை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போவதற்கு இவ்வளவு பெரிய சொல் வேண்டாம், 'இலக்கப் பெயர்ப்பு' போதும்.

ஒன்று மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. வெளியிலிருந்து ரவுட்டரின் 8080 ஆம் துறைக்கு வருவதை உள்ளேயுள்ள ஒரு கணினியின் 80 ஆம் துறைக்கு அனுப்பிவிடுவது, அதுதான் 'போட் ஃபோவர்டிங்'. 'துறைக் கடத்தல்' என்று எழுதி அழித்தேன், கரையோரத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். ஆற்றுப்படுத்தல் என்றால் வழிகாட்டி அனுப்புவது, அதனால் 'துறை ஆற்றுப்படுத்தல்' பொருளுக்கு நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் திரையில் உள்ள பொத்தானுக்குள் அடங்கவில்லை. பத்து எழுத்துக்குள் யாருக்காவது ஒரு சொல் தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுதுங்கள், திங்கள் காலையில் கோப்பை ஒப்படைக்கிறேன்.